தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் பவளம் உடுப்பும்

காலையில் நான் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள குட்டைச் சுவரின் மேல் ஒரு சுளகு, நெல் புடைக்கும் முறம், வந்து உட்கார்ந்துவிடும். அதில் ஒரு சின்னச் சட்டை மடித்து வைத்திருக்கும். பக்கத்து வீட்டு உலகம்மாளின் மூன்று பையன்களும் ஒருவன் பின் ஒருவனாகப் போட்டுத் தேய்த்த சட்டை அது. ஒரு நாள் பொத்தான் இராது, ஒரு நாள் கை கிழிந்திருக்கும், எல்லா நாளும் உமித் தூசி மணக்கும். அதை எடுத்து வந்து என் மகளுக்குப் போட்டுவிட்டு நான் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருவேன். உட்கார்ந்து, குற்றாலத்துக்குச் சீசனுக்கு வரும் மதுரைக்காரர், திருவனந்தபுரத்துக்காரர் பிள்ளைகளுக்கு லேஸ் வைத்த கவுன் தைப்பேன். தென்காசியில் மற்ற எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனி ஆடியில் துணி காயவிடாமல் தூறிக்கொண்டே இருக்கும் சாரல்கூடப் பழகிவிட்டது. இந்தச் சுளகு மட்டும் பழகவில்லை.

போன வருஷம் குற்றாலத்தில் பிடித்த படம் ஒன்றை யாழ்ப்பாணத்துக்கு, என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அருவிக்குப் போகும் வழியில், நான் புதுச் சேலையில் நிற்கிறேன். என் மகள் முழங்கால் வரை தொங்கும் பையன் சட்டையில் நிற்கிறாள். படம் அங்கே எங்கள் தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறது. உடுப்புத் தைத்து விற்கிறவள் தன் பிள்ளையை ஏன் இப்படிக் கந்தலோடு நிறுத்தி வைத்திருக்கிறாள், அவளுக்கு அவ்வளவு காசாசையா என்று என்னோடு படித்த நீங்கள் எல்லோரும் கேட்டதாகத் தங்கை எழுதினாள். மலாயாவில் இருக்கும் என் மைத்துனிக்கும் அந்தக் கதை கப்பலேறிவிட்டதாம். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடவே கேட்டிருப்பேன். தையில் பிள்ளையோடு ஊருக்கு வர நினைத்திருக்கிறேன். வந்து இறங்கியதும் வாசலில் நிற்கவைத்துக் கேட்பதற்கு முன், இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. நாங்கள் வந்தபோது கையில் மூத்தவன் இருந்தான். கடலும் பனையும் கிணற்று நீரும் பார்த்து வளர்ந்தவளுக்கு, மேற்கே மலை மறைத்து நிற்பதும், வெயிலிலேயே மழை தூறுவதும் வேடிக்கையாக இருந்தது. மூத்தவனுக்கு நீலச் சாட்டினில் சட்டை தைத்து, கழுத்தில் வெள்ளி நூலால் பூ வைத்துப் போட்டு, தேரோட்டம் பார்க்கத் தூக்கிப் போனேன். ரத வீதி முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கார்த்திகை பார்க்க அவன் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

பிறகு பவளம் பிறந்தாள். அவள் மடியில் கிடந்த காலத்தில்தான் இந்தத் தொழில் தொடங்கியது. குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு வரும் சீமாட்டிகள் தங்களுக்கு மாற்றுச் சேலை கொண்டுவருவார்கள். பிள்ளைக்குக் கொண்டுவந்ததைக் குரங்கு தூக்கிப் போயிருக்கும், அல்லது சாரலில் அதுவும் நனைந்திருக்கும். நடுங்கும் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடை கடையாக நிற்பார்கள். அங்கே குளியல் எண்ணெயும் சீயக்காயும் விற்கும் ஓர் அண்ணாச்சி, தன் கடையில் ஒரு பலகையை எனக்கு ஒதுக்கித் தந்தார். மல் துணியிலும் வாயில் துணியிலும் தைத்த கவுன்களை அதில் அடுக்கினேன். கரித்தணலின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போட்டுக் காய வைத்த கவுன்கள். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். உடுவில் பள்ளிக்கூடத்தில் நாம் விடுதியில் இருந்து படித்த நாளில், சலவைக்குப் போகும் உடுப்பு மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர் நாடா வைத்துத் தைப்போம், நினைவிருக்கிறதா? அதையே இங்கே செய்தேன். வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால் ‘பவளம்’ என்று தைத்து ஒவ்வொரு கழுத்தின் உள்ளேயும் வைத்தேன். இரண்டாம் சீசனில் பவளம் கவுன் இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சீசன் முடிந்து மழை பிடித்ததும் பவளத்துக்குக் காய்ச்சல் வந்தது. மூத்தவனுக்கு வந்தது போலவே, மாலையில் குளிரோடு தொடங்கி உடம்பு தணலாகும் காய்ச்சல். என் கணவர் கொயினா மருந்து கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டே பிள்ளையை மடியில் போட்டிருந்தேன். அப்போதுதான் உலகம்மாள் வந்தாள். நெல் குத்தி அரிசியாக்கி வீடுகளுக்குக் கொடுக்கிறவள் அவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கைகள் உலக்கை போலவே இருக்கும். சுளகு நிறையத் தவிடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “வாத்தியாரம்மா, இந்தப் பிள்ளை ஒங்களுக்கு ஆகாது. எனக்கு வித்துருங்க” என்றாள்.

உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று நம் வீடுகளிலும் பிள்ளைகளைச் சீண்டுவது உண்டுதானே. என் அண்ணன் அப்படிச் சொல்லி என்னை எத்தனை முறை அழவைத்திருக்கிறான். அந்தக் கேலியைத்தான் இவளும் செய்கிறாள், அழுகிறவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அழுகையோடே சிரித்து, கொண்டு போங்கோ என்று சொல்லிவிட்டேன். என் கணவரும் நல்ல பேரம் என்றார். உலகம்மாள் சிரிக்கவில்லை. பிள்ளையைச் சுளகில் கிடத்தித் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய், தன் கடைசிப் பையனின் பழைய சட்டையைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். இனி இவள் பெயர் தவிட்டம்மா, பவளம் என்று யாரும் கூப்பிடக் கூடாது என்றாள். அவள் போனதும் நான் தவிட்டை எதிர்வீட்டு மாட்டுக்கு வைத்தேன். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. கொயினாவால் என்றார் என் கணவர். நானும் வாயால் அதையே சொன்னேன்.

இந்த ஊரில் அது கேலி அல்ல என்று பிள்ளை எழுந்து நடமாடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை தங்காத வீட்டில், பெற்றவள் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமனும் மதிக்க மாட்டானாம். பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே உண்ணலாம், உறங்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் போகும் வயசு வரை உடுப்பு மட்டும் வாங்கினவள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் பழசாக. நான் தைத்த கவுன் ஒன்றை ஒரு நாள் போட்டுவிட்டேன். உலகம்மாள் சுவரைத் தாண்டியே வந்து கழற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்: “நீங்க ஆசையா ஒடுத்திப் பாத்தா, இது எம் பிள்ளைன்னு நீங்களே காட்டிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும். மூத்தவனுக்கு நீங்க தைச்சுப் போட்ட சட்டையத்தான அன்னைக்கு ஊரே பாத்துச்சு.”

அந்த வார்த்தை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நம்பினேனா என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை இங்கிலீசில் படித்தவள் நான். நம்பவில்லை. ஆனால் நம்பாமல் ஒரு கவுனைப் போட்டுவிட்டு, அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. ஆகவே சுளகு வந்துகொண்டே இருந்தது. பொறாமை என்ற ஒன்றை நான் அதுவரை அறிந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அது என் வீட்டில் குடக்கூலி இல்லாமல் குடியிருக்கிறது. என் மகள் பேசத் தொடங்கியபோது உலகம்மாளைத்தான் ‘அம்மை’ என்றாள். என்னை அவளுடைய பையன்கள் கூப்பிடுவது போல ‘வாத்தியாரம்மா’ என்றாள். நான் “இஞ்ச வாங்கோ பிள்ளை” என்றால் கேட்காதவள், உலகம்மாள் “ஏட்டி” என்று ஒரு குரல் விட்டால் கையில் உள்ள சோற்றை விட்டுவிட்டு ஓடுவாள். உலகம்மாள் நெல் குத்தும்போது இவள் உரலின் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறும் நெல்லைப் பொறுக்கி உள்ளே தள்ளுவாள். அந்தச் சத்தம் என் மெஷின் சத்தத்தை அமுக்கிவிடும். நான் வேண்டுமென்றே மெஷினை வேகமாகச் சுற்றுவேன். நூல் அறும்.

பவளம் என்ற பெயரோ, ஊரார் பிள்ளைகளின் கழுத்துக்குள் உட்கார்ந்து மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. பெயருக்கு உரியவள் உமித் தூசியில் தவிட்டம்மாவாக வளர்ந்துகொண்டிருந்தாள்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். குதிரை வண்டியில் உடுப்பு மூட்டையோடு நாங்கள் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். உலகம்மாளும் வந்திருந்தாள். சீசனில் எண்ணெய்க்கடை அண்ணாச்சிக்குச் சீயக்காய் இடித்துக் கொடுப்பாள். அன்று அவள் அருவிக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு மதுரை அம்மாள் வந்தாள். பலகையில் இருந்த ரோஜா நிறக் கவுன் அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் அந்தச் சீசனில் தைத்தவற்றிலேயே அதுதான் அழகு. மூன்றடுக்கு லேஸ், இடுப்பில் பட்டு நாடா. அவளுடைய மகள் பங்களாவில் தூங்குகிறாளாம். கடை வாசலில் மங்குஸ்தான் பழத்தின் ஓடுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து, இந்தப் பிள்ளை அளவுதான் இருப்பாள், இவளுக்கு ஒருதரம் போட்டுக் காட்டுங்கள் என்றாள். வேலைக்காரி பிள்ளையா என்றும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமலேயே சட்டையைக் கழற்றி, கவுனைத் தலைவழியே மாட்டி, பின்னால் பொத்தான் போட்டேன்.

சகோதரிகளே, என் பிள்ளைக்கு நான் தைத்த உடுப்பை, ஊரார் பிள்ளைக்கு அளவு பார்ப்பதற்காகப் போட்டேன். அவள் குனிந்து லேஸைத் தொட்டாள். சாரல் வெளிச்சத்தில் அந்த ரோஜா நிறம் அவள் கன்னத்தில் ஏறியது. நான் அவளைச் சுற்றித் திருப்பினேன், நாடாவைச் சரி செய்தேன், சரியாக இருந்ததையும் மறுபடி சரி செய்தேன். அந்த அம்மாள், என் மகளுக்கு இன்னும் எடுப்பாக இருக்கும், கழற்றித் தாருங்கள் என்றாள். அவளையும், நான் பார்த்தே இராத அவள் மகளையும் அந்த நிமிஷம் எரித்துவிடலாம் போல் இருந்தது. அழுக்காகிவிட்டது, வேறு தைத்துத் தருகிறேன் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மகளே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

“இது எங்கம்மை தரலல்லா. கழத்து” என்றாள்.

கழற்றினேன். மதுரைக்காரி வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கழுத்தில் ‘பவளம்’ என்று இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்டை வீடுகளில் கேட்டு ஒரு சுளகு தவிடு சேர்த்தேன். என் கணவர், இதென்ன கூத்து, நீர் படித்த மனுஷி அல்லவா என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? அவரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சுளகைத் தூக்கிக்கொண்டு போய் உலகம்மாளின் உரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இந்தாங்கோ அக்கா, உங்கட தவிடு. என்ர பிள்ளையைத் தாங்கோ” என்றேன். அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவள் சண்டை போடவில்லை. “பிள்ளை ஒங்க வீட்டுலதான ஒறங்குதா. நான் என்னத்தம்மா எடுத்துக்கிட்டேன்?” என்றாள். பிறகு குரலை இறக்கி, முற்றத்தில் கோலி ஆடிக்கொண்டிருந்த தன் பையன்களைக் காட்டினாள். “தேடி வாறவன் இனி எவ வாசலுக்கு வருவான்? வாங்கினவ வாசலுக்குத்தான வருவான். எனக்கும் அங்கன மூணு கெடக்குல்லா.”

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. விற்றவளுக்கு ஒரு விதி என்றால் வாங்கினவளுக்கும் ஒன்று இருக்கும் என்று நான் ஏன் நினைக்கவில்லை? என்னைப் போல அரைகுறையாக அல்ல. அவள் முழுக்க நம்புகிறவள். நம்பிக்கொண்டே, என் வீட்டுக்கு வரவேண்டியதைத் தன் வாசலுக்குத் திருப்பிவிட்டு, தன் மூன்று பையன்களோடு படுத்து எழுந்திருக்கிறாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் மகளுக்குத் தும்மல் வந்தால் ஓடிவரும் முன், அவள் தன் பையன்களின் நெற்றியையும் தொட்டுப் பார்த்திருப்பாள். இதை அறிந்ததும் என் பொறாமை தீர்ந்தது, அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. பொறாமை கூடிற்று. அதுவரை பிள்ளையின் பாசத்துக்கு மட்டும்தான் பொறாமைப்பட்டேன். இப்போது அவளுடைய துணிச்சலுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நான் அப்படி ஒன்றைச் செய்திருப்பேனா? தவிட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். எதிர்வீட்டு மாட்டுக்கு மறுபடியும் யோகம்.

கார்த்திகையில் என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளையை ஒருதரமாவது கண்ணில் காட்டு, தைப்பொங்கலுக்கு வா என்று. எல்லோரும் ஊருக்குப் போக மண்டபத்திலும் தனுஷ்கோடியிலும் அனுமதிக்குக் காத்து நிற்பார்கள். நான் அதற்கு முன் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அனுமதி கேட்டேன். கடல் எவ்வளவு நேரம் என்று உலகம்மாள் கேட்டாள். கப்பல் ஆடுமா என்று கேட்டாள். அங்கே யார் உடுப்புக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். அங்கே போய் நான் ஆசைப்பட்டதை எல்லாம் போட்டு அழகு பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஆசையில்தான் போகவே நினைத்தேன்.

மறுநாள் சுளகில் சட்டை வரவில்லை. மடித்த அரக்குச் சேலை ஒன்று வந்தது. அவள் கல்யாணத்துக்கு எடுத்தது. கரை ஒரு பக்கம் நைந்திருந்தது, மற்றபடி நல்ல துணி. பின்னாலேயே அவளும் வந்து, இதில் பிள்ளைக்குப் பாவாடையும் சட்டையும் தைக்க வேண்டும், போகிற இடத்தில் மாற்றிக்கொள்ள இரண்டாக வேண்டும், தையல் கூலி நான் தருவேன் என்றாள். கூலி வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டால்தான் துணி தன் வீட்டுத் துணியாக இருக்கும் என்றாள். வாங்கிக்கொண்டேன். என் மகளுக்கு உடுப்புத் தைக்க முதல்முதலாக எனக்குக் கிடைத்த உத்தரவு, ஒரு வாடிக்கைக்காரியிடமிருந்து வந்தது.

அந்தச் சேலையில் கத்திரி வைக்க எனக்குக் கை கூசியது. ஆனாலும் தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அப்படித் தைத்ததில்லை. துணி அவளுடையது, சாயம் அவளுடையது, கூலி அவளுடையது. எனக்கென்று அதில் தையல் மட்டும்தானா என்ற ஆற்றாமை, கடைசி மடிப்பு வரை தீரவில்லை. பாவாடையின் இடுப்புப் பட்டியை மூடும் முன், ஒரு பெயர் நாடாவை எடுத்து இரண்டு துணிக்கும் நடுவில் வைத்து உள்ளே தைத்துவிட்டேன். வெளியே எதுவும் தெரியாது. எமனுக்கும் தெரியாது, உலகம்மாளுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று பாவாடையைப் போட்டுவிட்டேன். என் முன்னால் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. நேரே சுவரண்டை ஓடிப்போய் அம்மைக்குக் காட்டினாள். நான் பின்னாலேயே போனேன். உலகம்மாள் அவளைத் தூக்கிச் சுவரின் மேல் நிறுத்தி, சேலைக் கரை பாதத்தில் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பைச் சொறிந்தாள். இங்கன என்னமோ குத்துது என்று சிணுங்கினாள். கஞ்சி போட்ட நாடாவின் ஓரம் விறைப்பாக இருந்திருக்க வேண்டும். உலகம்மாள் பெருவிரலால் அந்த இடத்தைத் தடவினாள். விரல் போய் நாடாவின் மேல் நின்றது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போதே பிரித்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

அவள் பிள்ளையின் இடுப்பைத் தேய்த்துவிட்டாள். “இருக்கட்டும்ட்டி. பெத்தவ தைச்ச தையலு, கொஞ்சம் குத்தத்தான் செய்யும்” என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னைப் பெற்றவள் என்று பிள்ளையிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள், புதிதாக ஒருத்தியைப் பார்ப்பது போல. ஒரு கை உலகம்மாளின் தோளில் இருந்தது. இன்னொரு கை இடுப்பில், நாடா குத்தும் இடத்தில் இருந்தது.

நான் அதைப் பிரிக்கவில்லை. தையில் நாங்கள் வருகிறோம். தயவுசெய்து அவளுக்கு யாரும் புது உடுப்பு எடுத்து வைக்காதீர்கள். பெயர் கேட்டால் தவிட்டம்மா என்பாள், சிரிக்காதீர்கள். கப்பலில் நடுக்கடலில், இந்தக் கரையும் அந்தக் கரையும் தெரியாத இடத்தில், நான் ஒருதரம் பவளம் என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்பினாளா இல்லையா என்று வந்து சொல்கிறேன்.